‘இது எந்தப் படத்துப் பாட்டு?’ – தனி ஆல்பத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் ராத்திரிக்கு ராத்திரி எங்காவது ஒரு மேடை இருக்கும். வேடசந்தூர் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில், வத்தலக்குண்டு பக்கம் ஒரு காளியம்மன் கோயில், நத்தம் பக்கம் ஒரு பகவதியம்மன் கோயில். சீரியல் லைட், குழாய் ஸ்பீக்கர், மேடைக்குப் பின்னால் தடதடவென்று ஓடும் ஜெனரேட்டர். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் முதலில் பிள்ளையாருக்கு ஒரு பாட்டு, அம்மனுக்கு ஒரு பாட்டு என்று ஆரம்பிப்பார்கள். அதன்பிறகு முழுக்க முழுக்க சினிமாதான். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் கூட்டம் கேட்கிற பாட்டையெல்லாம் அதற்குள் பாடி முடிக்க வேண்டும்.

அந்தக் குழுவில் கீபோர்டு வாசிப்பவரோ கிட்டார் வாசிப்பவரோ சொந்தமாக நாலு பாட்டு போட்டு வைத்திருக்கலாம். துணிந்து ஒன்றை வாசித்தால் என்ன நடக்கும்? “தம்பி, இது எந்தப் படம்?” “படம் இல்லண்ணே, நம்ம பாட்டுதான்.” “அப்படியா… சரி சரி, அடுத்து ‘கரகாட்டக்காரன்’ போடுப்பா.” பாட்டு நன்றாக இருந்ததா, இல்லையா என்பதே பேச்சில் வராது. அது எதைப் போல இல்லை என்பது மட்டும்தான் தீர்ப்பு.

இந்தக் கேள்விக்குக் கடல் கடந்தும் ஒரு சொந்தக்காரக் கேள்வி உண்டு. பெரிய பேண்டு ஒன்றில் பாடிப் பேர் வாங்கியவர், பேண்டு உடைந்த பிறகு தனியாக ஆல்பம் போட்டால் உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்பது இதுதான்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய பேண்டு மாதிரி இல்லையே?” இதற்குச் சரியான உதாரணம், ‘ஸ்டோனர் ராக்’ என்ற இசை வகையின் பாடகர் ஜான் கார்சியா 2014இல் போட்ட தனி ஆல்பம். அந்தக் கதையில் திண்டுக்கல்லுக்கும் கொஞ்சம் பாடம் இருக்கிறது.

முதலில், ஸ்டோனர் ராக் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘ஸ்டோனர்’ என்றால் கஞ்சாப் பழக்கம் உள்ளவர். அந்த இசையின் மந்தமான, கிறங்கிய ஓட்டத்தை வைத்து ஒட்டப்பட்ட பட்டப்பெயர் அது. வாசித்தவர்களில் பலருக்கே இந்தப் பெயர் பிடிப்பதில்லை. ‘டெசர்ட் ராக்’, அதாவது பாலைவன ராக் என்று சொல்வதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். இந்தியாவில் கஞ்சா வைத்திருப்பதும் விற்பதும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த இசையைக் கேட்பதற்கும் அந்தப் பழக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் தேவையில்லை.

இசையாகப் பார்த்தால் விஷயம் எளிது. கிட்டார் தந்திகளை வழக்கத்தைவிடத் தளர்த்திக் கட்டுவார்கள். சுருதி இறங்கும், ஒலி கனக்கும். கயஸ் என்ற பேண்டின் கிட்டார் கலைஞர் ஜாஷ் ஹோமி, தந்திகளை இரண்டு முழு ஸ்வர இடைவெளி இறக்கி, அதை பாஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையர் வழியாக வாசித்தார். ஒரே மெட்டுத் துண்டு திரும்பத் திரும்ப வரும். வேகம் குறைவு, கனம் அதிகம். நடு மத்தியானம் தார் ரோட்டில் தெரியும் கானல் மாதிரி ஒலி அலையும்.

இந்தக் கன ஒலிக்கு மூதாதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து பிளாக் சபாத் பேண்டு. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தகரத் தொழிற்சாலை வேலையில் விரல் நுனிகளை இழந்தவர். வலியில்லாமல் அழுத்துவதற்காக மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார். தொழிற்பட்டறை ஊரிலிருந்து வந்த ஒலி என்றால், பூட்டுப் பட்டறையும் தோல் ஷாப்பும் நூல் மில்லும் உள்ள ஊர்க்காரர்களுக்கு அது ரொம்பத் தூரத்து விஷயமாகத் தெரியாது.

ஜெனரேட்டர் போட்ட கச்சேரி

கயஸ் பிறந்த ஊர் பாம் டெசர்ட். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே சுமார் 200 கி.மீ. மேற்கே நிற்கும் மலைத்தொடர் கடல் பக்கத்து மழையைத் தடுத்துவிடுவதால் அந்தப் பள்ளத்தாக்கு பாலைவனம். திண்டுக்கல் சமவெளி பாலைவனம் இல்லைதான். ஆனால் மழை மறைவு என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் கொடைக்கானல் மலைமேல் மேகம் கட்டி நிற்கும். கீழே செம்பட்டியில் காற்றும் புழுதியும்தான் வரும்.

1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் பாம் டெசர்ட் இளைஞர்களுக்குப் பாட இடம் இல்லை. பேர் தெரியாத பையன்களை மேடையேற்ற அங்கே யாரும் தயாராக இல்லை. அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடகைக்கோ இரவலாகவோ ஒரு ஜெனரேட்டர், ஒரு வண்டியில் ஆம்ப்ளிஃபையர்கள், ஊருக்கு வெளியே மலை இடுக்கில் ஒரு வெட்டவெளி. சேதி காதுவழி பரவும். ‘ஜெனரேட்டர் பார்ட்டி’ என்றே அதற்குப் பேர். அங்கே சினிமாப் பாட்டு வேண்டும், ரேடியோ பாட்டு வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. வந்தவர்கள் புதுசாக ஏதோ கேட்க வந்தவர்கள். அதனால்தான் அந்த ஒலி வேறு மாதிரி வளர்ந்தது.

கயஸ் 1991 முதல் 1995 வரை நாலு ஆல்பங்கள் போட்டது. 1992இல் வந்த ‘புளூஸ் ஃபார் தி ரெட் சன்’ இந்த வகை இசைக்கே ஓர் இலக்கணம்போல ஆனது. ஆனால் விற்பனையில் பெரிய வெற்றி இல்லை. 1995இல் பேண்டு கலைந்தது. அது கலைந்த பிறகுதான் புகழ் வளர்ந்தது. அந்தப் புகழே பின்னாளில் பாரமாகவும் ஆனது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

பேண்டு உடைந்த பிறகு ஆளுக்கொரு வழி. ஹோமி ‘குயீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ்’ என்ற பேண்டு தொடங்கி உலகப் புகழ் பெற்றார். டிரம்மர் பிராண்ட் பியோர்க் 1999இல் ‘ஜலமாந்தா’ என்ற தனி ஆல்பம் போட்டார். கிட்டத்தட்ட எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார். அதை வெளியிட்ட சின்ன நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் ஆல்பம் அதோடு முடியவில்லை. மறுபதிப்புகள் கண்டு இன்றும் கேட்கப்படுகிறது.

பாடகர் கார்சியாவின் வழி கரடுமுரடானது. ஸ்லோ பர்ன், யுனிடா, ஹெர்மனோ என்று பேண்டு மாற்றி பேண்டு. இதில் யுனிடா பெரிய நிறுவனம் ஒன்றுக்காகப் பதிவு செய்த ஆல்பம் வெளிவராமலே அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்தது. இடையில் அவர் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தார். பகலில் மில் வேலை, ராத்திரி மேடை என்று ஓடும் நம்மூர்க் கலைஞர்களுக்கு இது புரியும்.

2010இல் கார்சியா பழைய கயஸ் பாட்டுகளை மேடையில் பாட ஆரம்பித்தார். கூட்டம் குவிந்தது. பழைய சகாக்கள் பியோர்க்கும் நிக் ஒலிவெரியும் சேர, ‘கயஸ் லிவ்ஸ்’ என்ற பெயரில் உலகம் சுற்றினார்கள். புது ஆல்பம் போடப் போகிறோம் என்றதும் பிரச்சினை வெடித்தது. 2012இல் ஹோமியும் இன்னொரு பழைய சகா ஸ்காட் ரீடரும் வழக்குப் போட்டார்கள். அந்தப் பெயரில் இசைப் பதிவுகளை வெளியிடக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் அதே ஆண்டு சொன்னது. பேண்டு ‘விஸ்டா சீனோ’ என்று பெயர் மாற்றி 2013இல் ஒரு ஆல்பம் போட்டது.

குரல் அவருடையது. ஆனால் பெயர் அவருடையது மட்டும் இல்லை. வழக்கின் சாரம் அவ்வளவுதான். நண்பர்கள் சேர்ந்து பேண்டு ஆரம்பிக்கும்போது இதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. “நமக்குள்ள என்ன எழுத்து?” என்பதுதான் பேச்சு. பிற்பாடு பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது எழுத்துதான்.

2014: சொந்தப் பெயரில் ஓர் ஆல்பம்

இந்தப் பின்னணியில்தான் கார்சியாவின் தனி ஆல்பம் வந்தது. தலைப்பு வேறொன்றும் இல்லை, ‘ஜான் கார்சியா’. யாரும் வழக்குப் போட முடியாத பெயர்! பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள். ‘தி டோர்ஸ்’ பேண்டின் கிட்டார் கலைஞர் ராபி கிரீகர் ஒரு பாட்டில் வாசித்திருக்கிறார்.

வரவேற்பு எப்படி? பொதுவாக நல்ல வார்த்தைகள்தான். குரல் கெடவில்லை, கனம் குறையவில்லை, பாலைவன வாசனை போகவில்லை என்றார்கள். ஆனால் பாராட்டு, குறை இரண்டுமே ஒரே முளையைச் சுற்றி வந்தன. பிடித்தவர்கள் “கயஸ் மாதிரியே இருக்கு” என்றார்கள். பிடிக்காதவர்கள் “கயஸ் மாதிரி இல்லை” என்றார்கள். இன்னும் சிலருக்கு அது கயஸை ரொம்பவே ஒத்திருந்ததுதான் குறை. மாதிரி இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான்.

இந்தத் தராசில் ஒரு கோளாறு இருக்கிறது. இருபது வயதில் நாலைந்து பேர் மோதிக்கொண்டு உண்டாக்கிய இசையும், நாற்பதைத் தாண்டியவர் தனியாக உட்கார்ந்து யோசித்த இசையும் ஒரே சரக்கு அல்ல. பேண்டில் ஒருவர் மெட்டை இன்னொருவர் வெட்டுவார், மூன்றாமவர் இழுப்பார். தனி ஆல்பத்தில் அந்த இழுபறி இருக்காது. அதற்குப் பதிலாக ஒரே ஆளின் மனசு தொடர்ந்து தெரியும். அது தெரிகிறதா, தெரிந்தது கேட்கத் தகுந்ததா என்று கேட்பதுதான் தனி ஆல்பத்துக்கு உரிய கேள்வி. கார்சியாவின் ஆல்பத்தில் ஓங்கிய குரலைவிட, நிதானமான பாட்டுகளில் அது நன்றாகவே தெரிகிறது. அடுத்து 2017இல் அவர் முழுக்க மின் ஒலி குறைத்த ஆல்பம் ஒன்று போட்டு, பழைய கயஸ் பாட்டுகள் சிலவற்றையே வெறும் கிட்டாரோடு மெதுவாகப் பாடினார். பழைய பாட்டை ஒப்பிக்காமல், வயதான குரலில் புதிதாகச் சொல்லிப் பார்த்தார்.

ஒப்பிடுவது தப்பா?

தப்பில்லை. ரசிகர் காசு கொடுத்துக் கேட்கிறவர். அவருக்கு நினைவு இருக்கும், எதிர்பார்ப்பும் இருக்கும். பழைய பேண்டின் பேரைச் சொல்லித்தான் தனி ஆல்பமும் விற்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கார்சியாவே இன்றுவரை மேடையில் கயஸ் பாட்டுகளைப் பாடுகிறவர்தான். தனி ஆல்பம் எல்லாமே நல்ல ஆல்பம் என்றும் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இல்லாததாலேயே வழவழவென்று போன ஆல்பங்கள் எத்தனையோ.

ஒப்பீடு மட்டுமே விமர்சனம் ஆகிவிடுவதுதான் சிக்கல். அமெரிக்காவில் அந்த அளவுகோல் பழைய பேண்டு. தமிழ்நாட்டில் அது சினிமா. அங்கே கலைஞர் தன் சொந்த நிழலோடு போட்டியிடுகிறார். இங்கே கோடிகள் செலவழித்து, நடிகர் முகத்தோடு வருகிற பாட்டோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. எது கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

பண்ணைப்புரத்துக்காரர் வைத்த தலைப்பு

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி தாண்டிப் போனால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரரான இளையராஜா, சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதே 1986இல் ஒரு தனி ஆல்பம் போட்டார். படம் இல்லை, நடிகர் இல்லை, பாட்டு வரிகளும் இல்லை. வயலினை நடுவில் வைத்து, தியாகராஜரையும் பாஹையும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார வைத்த இசை. தலைப்பு ‘ஹவ் டு நேம் இட்?’. இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியே பெயர்.

அதன் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் அந்த ஆல்பத்தின் இசைத் துண்டுகள் பின்னணியாக வந்தன. அதன் வழியாக ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ராஜாவுக்கே சினிமா கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது என்றால், வேடசந்தூர் மேடையில் கீபோர்டு வாசிக்கிறவர் என்ன செய்வார்?

திண்டுக்கல்லில் காது மாறிய கதை

‘நம்ம ஜனங்களுக்குப் பழக்கம் இல்லை, கேட்க மாட்டாங்க’ என்று கைவிரிப்பவர்களுக்குத் திண்டுக்கல்லிலேயே பதில் இருக்கிறது. சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, திண்டுக்கல்லை மையமாக வைத்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவருகிறது. தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றிய குழு அது. சாவு வீட்டு மேளம் என்றும், ஆண்கள் மட்டும் அடிப்பது என்றும், குறிப்பிட்ட சாதியின் தலையில் கட்டிய கட்டாய வேலை என்றும் இருந்த வாத்தியம். அதையே பெண்கள் ஆட்டத்தோடு அடித்தபோது முதலில் எழுந்தது “இது என்ன கூத்து?” என்ற கேள்விதான். இன்று பறை கல்லூரி விழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் கேட்கிறது.

ஸ்டோனர் ராக் கலைஞர் தந்தியைத் தளர்த்தி ஒலியைக் கனமாக்குகிறார். பறைக் கலைஞர் தீயில் காட்டித் தோலை இறுக்கி ஒலியைக் கூர்மையாக்குகிறார். செய்முறை நேரெதிர். ஆனால் இரண்டையும் வளர்த்தவர்கள் ‘இது எங்கள் சத்தம், இதற்கும் ஒரு மேடை வேண்டும்’ என்று நின்றவர்கள். பறை தன்னை மாற்றிக்கொண்டு வரவேற்பு பெறவில்லை. கேட்கிற காதுதான் மாறியது. அது தானாக மாறவில்லை, திரும்பத் திரும்பக் கேட்க வைத்ததால் மாறியது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பாம் டெசர்ட்காரர்களுக்கு இருந்த ஜெனரேட்டரும் வெட்டவெளியும் திண்டுக்கல் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்களுக்கு இல்லாத மேடையும் கூட்டமும்கூட இருக்கின்றன. மூன்று மணி நேர ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு பாட்டு, வெறும் பத்து நிமிஷம், குழுவின் சொந்தப் பாட்டுக்கு என்று விழாக் கமிட்டி ஒதுக்கலாம். வரி கொடுத்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டு சரியில்லை என்றால் டீ குடித்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதானே! புத்தகத் திருவிழா மேடையும் கல்லூரிக் கலைவிழாக்களும் சினிமாப் பாட்டுப் போட்டியோடு சொந்தப் பாட்டுக்கும் ஒரு பரிசு வைக்கலாம்.

கலைஞர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பேண்டு தொடங்கும்போதே பெயர் யாருக்கு, யாராவது விலகினால் என்ன, வருமானம் எப்படிப் பிரியும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேண்டு பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது. பாட்டின் பதிப்புரிமை, அதை உருவாக்கிய உடனே வந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்பதற்குத் தேதியோடு சான்று வைத்திருப்பது நல்லது. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ சினிமா இல்லாமலே உலகம் சுற்றியது. அந்த வெற்றிக்குப் பிறகு, அது யாருடைய உழைப்பு என்ற சர்ச்சைதான் பாட்டைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது.

ஆன்லைனில் போட்டால் போதும், காசு கொட்டும் என்ற நினைப்பும் வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ராயல்டி கிடையாது. ஆகவே முதல் ஆயிரம் காதுகளை உள்ளூரில்தான் தேட வேண்டும்.

கடைசியாக, கேட்கிறவர்கள். ஒரு தனி ஆல்பத்தையோ சொந்தப் பாட்டையோ முதல் தடவை கேட்கும்போது ‘எது மாதிரி?’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்து, இரண்டாவது தடவையும் கேட்டுப் பார்க்கலாம். அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். அது நியாயமான விமர்சனம், கலைஞருக்கும் உதவும். கேட்காமலே ‘எந்தப் படம்?’ என்று முடித்துவிட்டால், அந்தப் பையன் அடுத்த வருஷத் திருவிழாவில் சொந்தப் பாட்டை எடுக்கவே மாட்டான். ‘கரகாட்டக்காரன்’ மட்டும்தான் வாசிப்பான், அதுவும் பிரமாதமாக.